அறுபதாவது நிமிடத்துச் சண்டை

எங்கள் முதலாளி சிங்கப்பூரில் மூன்று நாள் திரைக்கதை வகுப்பை முடித்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை கை நிறைய வண்ண அட்டைகளோடு மாடியேறி வந்தார். மூன்று நாளில் ஒழுங்காக ரொட்டி சானாய்க்குப் பரோட்டா மாவு வீசக்கூடக் கற்றுக்கொள்ள முடியாது. இவர் கதை சொல்லும் கலையை முழுசாகவே கற்றுக்கொண்டு வந்துவிட்டார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி நாற்காலி மேல் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அட்டைகளை வரிசையாக ஒட்டத் தொடங்கினார்.

"மொத பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் சந்திக்கணும். பிடிக்கக் கூடாது. முப்பதாவது நிமிஷம் சேர்ந்து கிளம்பணும். அம்பதுல ஒட்டிக்கணும். அறுபதுல சண்ட. எழுபதுல மன்னிப்பு. எம்பதுல எல்லாரும் டான்ஸ். இது சயின்ஸ் லா, மாத்த முடியாது."

மலேசியாவின் தென்கோடியில், செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். வெளிநாட்டுக் கம்பெனிகள் அனுப்பும் கார்ட்டூன்களில் மரம், மேகம், வால் இவற்றையெல்லாம் அசைத்துக் கொடுப்பதுதான் அதுவரை எங்கள் பிழைப்பு. முகத்தை அசைக்கும் வேலையை எங்களை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அந்த வருஷம்தான் முதலாளிக்குச் சொந்தமாகத் தமிழில் ஒரு முழுநீளக் கார்ட்டூன் படம் எடுக்கும் ஆசை வந்தது. பொருந்தாத இரண்டு நண்பர்கள், நிறைய சிரிப்பு, கொஞ்சம் கண்ணீர். எழுத இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருவன் என் நண்பன்.

அந்தப் படத்தோடு அந்த நண்பனை நான் இழந்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, அறுபதாவது நிமிடத்தில் போட்டு உடைக்கும் வித்தையெல்லாம் முதலாளியோடு போகட்டும்.

பொருந்தாத நண்பர்களைப் பற்றிய கார்ட்டூன் படம் ஒன்றைப் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. ஒன்று வாயை மூடாது, மற்றது வாயைத் திறக்காது. இரண்டும் வழி தவறும். வழி தவறினால் மழை வரும். மழை வந்தால் பக்கத்திலேயே ஒரு குகை தயாராக இருக்கும். குகைக்குள் உட்கார்ந்து, வாயைத் திறக்காதது தன் அம்மா சின்ன வயதில் விட்டுப் போன கதையைச் சொல்லும். உடனே வாயை மூடாதது வாயை மூடிக்கொள்ளும். மழை நின்றுவிடும். இதற்கு நடுவில் ஒரு பொய் ஒளிந்திருக்கும், அது சொல்லி வைத்த மாதிரி அறுபதாவது நிமிடத்தில் வெளியே வரும். "நீ என்னிடம் ஒரு தடவை கூட உண்மையைச் சொன்னதில்லையா?" என்று ஒன்று கேட்கும். மற்றது தலையைக் குனியும். பியானோ வாசிப்பார்கள். இதையெல்லாம் நான் அன்றைக்கே முதலாளியிடம் இப்படித்தான் விலாவாரியாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, அடுத்த அட்டையை ஒட்டினார்.

எங்களையே யாராவது கார்ட்டூனாக வரைந்திருக்கலாம், அவ்வளவு பொருத்தமில்லாத இரண்டு பேர் நாங்கள். அவன் செட்டியார் வீட்டுப் பிள்ளை. தங்காக்கில் அவனுடைய மாமாவுக்குத் துணிக்கடை இருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை, பையில் மடித்த கைக்குட்டை, எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் "சாப்பிட்டீங்களா?" நான் பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, செனாய் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருஷம் பெல்ட்டில் வரும் சாமான்களில் குறை பார்த்தவன். கீறல் இருந்தால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. என் மனைவி வைக்கும் குழம்புக்கும் அதே பரிசோதனைதான். ஒரு சிறுகதைப் போட்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஆறுதல் பரிசு கிடைத்தது. மேடைக்குப் பின்னால் நான் நடுவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவன் எனக்குத் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தான். அங்கே ஆரம்பித்தது. பிறகு ஆறு வருஷம் ஒன்றாகவே எழுதினோம்.

வாத்தும் உடும்பும் அவனுடைய யோசனை. பாலோவில் ஒரு வாத்துக் கறிக்கடையின் கூண்டிலிருந்து ஒரு வாத்து தப்பித்து ஓடுகிறது. அதற்குக் கடலைப் பார்க்க வேண்டும். வழியில் ஒரு தாமான் வீடமைப்பின் சாக்கடையில் குடியிருக்கும் உடும்பு துணைக்கு வருகிறது. உடும்பு வாத்து முட்டை தின்கிற ஜாதி. காரில் வரும்போது அவன் இதைச் சொன்னான், நான் ஸ்கூடாய் ஊர் தாண்டும் வரைக்கும் சிரித்தேன். வாத்துக்கு எதற்குடா கடல், வாளித் தண்ணீர் போதாதா என்று கேட்டேன். மறுநாள் முதலாளி கதை எங்கே என்று கேட்டபோது இதே கதையைச் சொன்னது நான். யாருடைய யோசனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எங்களுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. வசனத்தை நாங்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை, பேசுவோம். குரல் பதிவு செய்யும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மேசையில் கைப்பேசியைப் பதிவுக்குப் போட்டுவிட்டு, நான் உடும்பாகவும் அவன் வாத்தாகவும் பேசுவோம். வாய்க்கு வந்தது வரட்டும். விமானம் மேலே போகும்போது மட்டும் இரண்டு பேரும் பாதி வார்த்தையில் நிறுத்தி, கூரையைப் பார்த்துக் காத்திருப்போம். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். பிறகு பதிவைக் கேட்டு நான் தட்டச்சு செய்வேன். அறைக்குள் போய்விட்டால் அவனும் நானும் இல்லை, வாத்தும் உடும்பும்தான். அங்கே பேசியதை வெளியே யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. அதை நான்தான் கொண்டு வந்தேன். அவனை வாய்க்கு வந்தபடி திட்ட எனக்கு அது வசதியாக இருந்தது.

படம் ஒருவழியாக ஐம்பதாவது நிமிடம் வரை வந்துவிட்டது. அடுத்தது சண்டை அட்டை. உடும்பு முன்பே ஒரு நாள் வாத்தின் முட்டையைத் தின்றுவிட்டது, அந்த ரகசியம் இப்போது வெளியாக வேண்டும் என்றார் முதலாளி. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. படம் வரைகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் எழுந்து பெரிய பேச்சு ஒன்று பேசினேன். நிஜத்தில் யாரும் ரகசியம் வெளியானதால் பிரிவதில்லை, சார். தினமும் எங்கே சாப்பிடுவது என்று ஒருவனே முடிவு செய்வான். மற்றவன் சரி சரி என்று பின்னால் வருவான். ஒரு நாள் வர மாட்டான். நட்பு அப்படித்தான் முடியும், முட்டைக்காக முடியாது. உங்கள் வகுப்பில் அதற்கு அட்டை இல்லை.

நண்பன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்படியா நினைக்கிற?" என்று கேட்டான்.

"நினைக்கிறது என்னடா? எனக்குத் தெரியும்" என்றேன்.

முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே, சின்ன விஷயத்துக்கே சண்டை வரட்டும், ஆனால் அறுபதாவது நிமிடத்தில் வரட்டும் என்று இறங்கி வந்தார். எனக்கு ஒரே பெருமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவனை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

வழக்கம்போல உடும்பாக நான்தான் வம்பை ஆரம்பித்தேன். உன்னால்தான் வழி தப்பியது, உனக்கு நடக்கத் தெரியாது, நீந்தத் தெரியாது, நீ எல்லாம் ஒரு வாத்தா என்று ஏறினேன். அவன் பதிலுக்கு எப்போதும் கொஞ்சம் காமெடி செய்வான், அன்றைக்குச் செய்யவில்லை. மெதுவாகத்தான் பேசினான்.

"நான் எது சொன்னாலும் மொத நீ சிரிக்கிற. மறுநாள் அதையே எடுத்து உன்னோடதுனு சொல்ற. பரவாலனு விட்டேன். உன்கூட நடக்கிறேன், நீ சொல்ற பக்கம் திரும்புறேன். இத்தன நாள்ல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'நல்லா இருக்கு'னு சொல்லியிருக்கியா? எனக்கு அது போதும். அதுகூட உன் வாயில வரல."

நான் மேசையைத் தட்டி எழுந்து நின்றேன். "அலமாக்! நல்லா இருக்குடா! இதான்டா வசனம்!" என்று கத்தினேன். கைதட்டினேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, சண்டைக்காட்சி கிடைத்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே ஒரு எழுத்து மாற்றாமல் தட்டச்சு செய்தேன்.

எழுபதாவது நிமிடத்து மன்னிப்பு அட்டை மட்டும் பாக்கி. அதற்கு அறைக்குள் போக வேண்டாம், தானே எழுதி வருகிறேன் என்று அவன் சொன்னான். இரண்டு நாள் கழித்து இரண்டு பக்கம் அச்செடுத்துக் கொண்டுவந்தான். உடும்பு வாத்திடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. நான் அதைச் சுவர் ஓரத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உடும்பின் குரலை இழுத்து இழுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். வரைகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முழுசாகக்கூடப் படிக்கவில்லை. உடும்பு மன்னிப்புக் கேட்காதுடா, அதற்கு அந்த நரம்பே கிடையாது என்றேன். அதற்குப் பதிலாக, உடும்பு வழுக்கிச் சாக்கடையில் விழும், வாத்துக்குச் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவுதான், சேர்ந்துவிட்டார்கள் என்று நான் ஒரு காட்சி சொன்னேன். முதலாளிக்கும் அது பிடித்திருந்தது, சீக்கிரம் முடியும், செலவு குறைவு. நண்பனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து, மாமாவுக்கு முதுகு சரியில்லை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம், தங்காக்குக்கே போகிறேன் என்றான். "துணி மடிக்கப் போறியா?" என்று கேட்டேன். "ஆமாடா, நல்லா மடிப்பேன்" என்றான். அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நான் ஒரு பிரியாவிடை உரை ஆற்றினேன், எல்லோரும் சிரித்தார்கள். மாமாவின் முதுகு என்கிற காரணத்தை நான் அப்படியே நம்பினேன். குறை கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் பயிற்சி எடுத்தவன் நான். என் மூக்குக்கு நேராக இருந்தது எனக்குத் தெரியவில்லை.

படம் முடிய மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் குடும்பங்களை அழைத்து முதல் காட்சி போட்டார்கள். நண்பனுக்கும் அழைப்பு போனது, கடையில் பண்டிகைக் கூட்டம் என்று வரவில்லை. என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் பத்து நிமிடத்தில் சந்தித்தார்கள், பிடிக்கவில்லை. முப்பதில் கிளம்பினார்கள். குகைக்குப் பதில் பாலத்தடி, மழை மட்டும் அதே மழை. ஜனம் ரசித்துத்தான் பார்த்தது, நான்தான் என் வரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

சண்டை வந்தது. வாத்துக்குக் குரல் கொடுத்தது கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு நடிகர். ஆனாலும், நிறுத்தி நிறுத்தி, மெதுவாக, நண்பன் பேசியது போலவே பேசினார். நான் அனுப்பி வைத்த பதிவைக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். "ஒரே ஒரு தடவ 'நல்லா இருக்கு'னு சொல்லியிருக்கியா?" அரங்கத்தில் பாப்கார்ன் சத்தம்கூட நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். நான் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வாத்து பேசலங்க" என்றாள். "அண்ணன் பேசுறாரு. உங்ககிட்டதானே பேசுறாரு?"

என் நண்பனை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். சும்மா ஏதாவது உளறாதே என்று சொல்லவே வாயைத் திறந்தேன். அதற்குள் திரையில் உடும்பு வழுக்கிச் சாக்கடையில் விழுந்தது, வாத்து சிரித்தது, பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எழுந்து போய்விடலாம் போல இருந்தது, ஆனால் வரிசையின் நடுவில் இருந்தோம். எண்பதாவது நிமிடத்து டான்ஸ் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை பழைய கைப்பேசியைத் தேடி எடுத்து மின்னேற்றி, அந்தப் பதிவைக் கேட்டேன். தட்டச்சு செய்த அன்றைக்குக் கேட்டதுதான், அதுவும் வசனம் முடிகிற இடம் வரைக்கும். இந்தத் தடவை நிறுத்தவில்லை. அவன் பேசி முடிக்கிறான். நான் மேசையைத் தட்டுகிறேன், கத்துகிறேன், கைதட்டுகிறேன். அப்புறம் அவன் குரல். "இன்னொரு தடவ சொல்லட்டுமா?" என்று கேட்கிறான். வாத்தின் குரலில் இல்லை, அவனுடைய குரலில். "வேணாம்டா, இதுவே போதும்" என்று நான் சொல்கிறேன். கதவு திறக்கிறது. நான் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரம் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அவன் எழுதிய மன்னிப்புக் காட்சியை நினைவுபடுத்திப் பார்த்தேன். உடும்பு என்ன சொன்னது என்று ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. நான் மூக்கை உறிஞ்சியது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. என்னிடமிருந்து எதைக் கேட்க ஆசைப்பட்டான் என்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான், அதை நான் சபையில் வைத்துக் கேலி செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நாற்பத்தேழு வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை தங்காக்குக்குக் காரை விட்டேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை, எல்லாம் வசனமாகவே வந்தது. மாமா கடை பெரிய தெருவில், இரண்டு பக்கமும் துணிக்கடைகள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மலாய் அம்மாவுக்கு பாஜு கூரோங் உடை தைக்கத் துணி காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை. நாற்காலி போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து கோப்பி வரவழைத்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். உள்ளே இருந்து மாமா நன்றாக நிமிர்ந்த முதுகோடு வந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த அம்மா போன பிறகு கேட்டேன். "சண்டைக்காட்சியில வாத்து பேசுச்சே... அது என்கிட்ட பேசுனதுதானே?"

"ஆமாடா" என்றான். விரித்துப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியலடா. மன்னிச்சிரு."

"அட, விடு லா. எப்பயோ முடிஞ்சது."

எழுபதாவது நிமிடம் வந்துவிட்டது என்று ஒரு நொடி நிஜமாகவே நம்பினேன். "அப்ப என்மேல கோபம் இல்லயா?" என்று கேட்டேன்.

அவன் மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தான். என் மனம் நோகக் கூடாது என்று யோசிக்கிற மாதிரி இல்லை, சரியான பதிலைத் தேடுகிற மாதிரிதான் இருந்தது.

"கோபம் இருந்திருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன்டா. அங்கயே இருந்து உன்கூட சண்ட போட்டிருப்பேன். எனக்கு அலுத்துப்போச்சு. அவ்ளோதான்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். முதலாளி இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார், நீ வந்தால் உன் பெயர் முதலில் வரட்டும் என்றேன். அவன் சிரித்தான். "நீ எழுதிருவடா, உனக்கு என்ன" என்றான். பிறகு என் மனைவியைப் பற்றி, என் பெரிய மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டான். கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சத்தில் ஒரு சட்டைத் துணியைக் காட்டி, அதை வெட்டச் சொன்னேன். என் நிறத்துக்கு அது எடுக்காது என்று வேறொன்றை எடுத்துத் தந்தான். அவன் சொன்னது சரிதான்.

கிளம்பும்போது தெருவரை கூடவே வந்தான். உள்ரோட்டில் லோரி அதிகம், ஹைவேயிலேயே போ, மெதுவாகப் போ என்று சொன்னான். கடையில் யாரோ கூப்பிட்டார்கள். நான் காரை எடுப்பதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.